கைமுதலிலிருந்து எழும் திட்டம்



முன்கூட்டிக் கணக்கிட முடிந்த ஆபத்தும் கணக்குக்கே பிடிபடாத நிச்சயமின்மையும் ஒன்றல்ல என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921-இல் வெளியிட்ட நூலில் பிரித்துக் காட்டினார். ஒரு நகரில் ஆண்டுதோறும் எத்தனை வீடுகள் தீப்பற்றும் என்பதைப் பழைய பதிவுகளைக் கொண்டு ஏறத்தாழக் கணித்துவிடலாம் என்பதால், காப்பீட்டு நிறுவனம் அந்த ஆபத்தைப் பிரீமியத் தொகையாக மாற்றிவிடுகிறது. இதுவரை சந்தைக்கே வராத பொருளை எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதற்கோ பழைய பதிவென்று எதுவும் கிடையாது. தொழில்முனைவோரின் ஆதாயம் பிறப்பதே இந்த இரண்டாம் நிலையில்தான் என்பது நைட்டின் முடிபு.

அந்நிலையில் நெடுங்காலம் புழங்கியவர்கள் எவ்வாறு முடிவெடுக்கிறார்கள் என்பதைக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் சைமனின் வழிகாட்டலில் ஆராய்ந்தவர் சரஸ் சரஸ்வதி. பத்தாண்டுகளுக்குக் குறையாமல் தொழில் நடத்தி, ஒரு நிறுவனத்தையேனும் பங்குச் சந்தைக்குக் கொண்டுசென்ற 27 பேரிடம் கற்பனையான கணினி விளையாட்டு ஒன்றைக் கொடுத்து, அதை வைத்துத் தொழில் தொடங்குவதாக எண்ணி, மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே முடிவெடுக்குமாறு கேட்டுப் பதிவுசெய்தார். சந்தை ஆய்வு அறிக்கைகளைப் பெரிதாக நம்பாத அவர்களுள் பலர், முதல் வாடிக்கையாளரைத் தாமே தேடிச் சென்று விற்றுப் பார்ப்பது பற்றியே பேசினர். இலக்கை முதலில் குறித்துவிட்டு அதற்கு வழி தேடாமல், கைவசம் உள்ளவற்றிலிருந்து எட்டக்கூடிய இலக்குகளை உருவாக்கும் இந்தச் சிந்தனை முறைக்கு 2001-இல் வெளியான கட்டுரையில் அவர் 'எஃபெக்சுவேஷன்' என்று பெயரிட்டார்.

விரைவுணவாக இந்தியச் சாப்பாடு விற்கும் கடை ஒன்றையே அவர் எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்கிறார். பாடநூல் வழியில் செல்பவர் நகரத்து மக்களைப் பிரிவு பிரிவாக ஆராய்ந்து, கணிப்புக்கேற்பக் கடன் திரட்டிக் கடை திறப்பார். அனுபவசாலியோ தமக்குச் சமைக்கத் தெரியும், அலுவலகங்களில் நண்பர்கள் இருக்கிறார்கள் என்ற இரண்டை மட்டும் வைத்து மதியச் சாப்பாட்டை அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதிலிருந்தே தொடங்கிவிடலாம். அது உணவகமாகத்தான் வளர வேண்டும் என்பதுகூட இல்லை; வருகிறவர்களின் நாட்டத்தைப் பொறுத்துச் சமையல் வகுப்பாகவோ விருந்து ஏற்பாட்டு நிறுவனமாகவோ திரும்பலாம்.

இங்கே கணக்கு இல்லாமலில்லை, கணக்கின் பொருள்தான் மாறுகிறது. எவ்வளவு வரும் என்று கேட்பதை விட்டு, முற்றும் போனாலும் முதலுக்கே மோசம் வராமல் எவ்வளவு இழக்கலாம் என்று அனுபவசாலி கேட்கிறார். தாங்கக்கூடிய இழப்பு என்னும் இந்த வரையறைக்குத் தேவையான விவரங்கள் அனைத்தும், அதாவது சேமிப்பும் கடனும் குடும்பத்தின் பொறுமையும், அவருக்கு இன்றே தெரிந்தவை.

வெற்றி கண்டவர்களை மட்டுமே கேட்ட ஆய்வு இது என்பதையும், இப்படியே சிந்தித்தும் தோற்றவர்களின் குரல் இதில் பதிவாகவில்லை என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும், அதே சிக்கலை 37 எம்.பி.ஏ. மாணவர்களிடம் கொடுத்து ஒப்பிட்ட 2009 ஆய்வில், மாணவர்கள் தரப்பட்ட கணிப்புகளை அப்படியே பிடித்துக்கொள்ள, அனுபவசாலிகள் அவற்றை ஒதுக்கினர் என்ற வேறுபாடு வலுவானது. அவ்வாறிருக்க, எவரும் கண்டிராத பொருளோடு வரும் புதியவரிடம் ஐந்தாண்டு வருவாய்க் கணிப்பை மட்டும் கேட்கும் கடன் அதிகாரி, அவர் எவ்வளவு இழப்பைத் தாங்குவார் என்பதையும், இதுவரை பணமோ உழைப்போ தந்து அவரோடு சேர்ந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.