பள்ளிக் கணிப்பொறியும் பஞ்சாயத்தின் பொறுப்பும்



கிணற்றில் ஊற்று உண்டா என்று பாராமல் பம்பு செட்டு வாங்குவோர் நம்மில் யாரும் இலர். எத்தனை குதிரைத் திறன் வேண்டும், மின் இணைப்பு எப்போது கிடைக்கும், காயில் எரிந்து போனால் அதைக் கட்டித் தருபவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றெல்லாம் விசாரித்த பிறகே பணத்தை எடுக்கிறோம். ஆனால் நம் குழந்தைகளின் பள்ளிக்குக் கணிப்பொறி வரும்போது மட்டும், அது வந்து இறங்கியதே போதும் என்று இருந்து விடுகிறோம். இதைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

தென் அமெரிக்காவில் பெரு, உருகுவே என்று இரண்டு நாடுகள் உள்ளன. பச்சையும் வெள்ளையுமான ஒரே விதமான சிறு மடிக்கணினியை இரு நாடுகளும் தம் பள்ளிக் குழந்தைகளுக்கு வழங்கின. பெரு நாடு 8 இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகளை வழங்கிற்று. அங்குள்ள 319 கிராமத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்த அறிக்கை 2012-ல் வெளியாயிற்று. குழந்தைகளின் பொதுவான சிந்தனைத் திறனில் சிறிது முன்னேற்றம் தென்பட்டது. கணக்கிலும் மொழிப் பாடத்திலுமோ யாதொரு வேறுபாடும் காணவில்லை. பெரும்பாலான பள்ளிகளுக்கு இணையத் தொடர்பு கிடையாது. கருவியைக் கொண்டு எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்பதில் ஆசிரியருக்குக் கிடைத்த துணையும் சொற்பம்.

உருகுவே ஆடுமாடு வளர்ப்பையும் விவசாயத்தையும் பெரிதும் நம்பியிருக்கும் சிறிய நாடு. அங்கே 2007-ஆம் ஆண்டில் வில்லா கார்தால் என்னும் கிராமத்தில், ஏறக்குறைய 150 குழந்தைகள் பயின்ற ஒரே பள்ளியில்தான் வேலை தொடங்கிற்று. அங்கு கண்ட இடர்ப்பாடுகளைக் கவனித்துக் கொண்டு, பகுதி பகுதியாக விரிவாக்கி, 2009-க்குள் நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் கொண்டு சென்றனர். இணையம், பழுது பார்த்தல், பயிற்சி ஆகிய யாவற்றையும் ‘செய்பால்’ என்னும் ஒரே அமைப்பின் பொறுப்பில் விட்டனர். மின்கம்பி எட்டாத பள்ளிகளுக்குச் சூரிய ஒளித் தகடுகள் கிடைத்தன.

இவ்வளவு செய்தும் ஆரம்ப ஆண்டுகளில் அங்கேயும் கணக்கிலும் வாசிப்பிலும் மதிப்பெண் உயரவில்லை என்றே ஆய்வாளர் கண்டனர். இதை மறைக்க வேண்டியதில்லை. கம்பியும் கருவியும் வழி அமைத்துத் தருமேயன்றிப் பாடம் நடத்த மாட்டா. ஆகையால் 2012-ல் அவர்கள் வேறொன்றைத் தொடங்கினர். ஆங்கில ஆசிரியர் இல்லாத பள்ளிகளுக்குத் தொலைவிலிருந்து ஓர் ஆசிரியர் திரையில் தோன்றி வாரம் ஒருமுறை பாடம் நடத்துவார். மற்ற வகுப்புகளில் அதே பாடத்தை வகுப்பாசிரியர் தொடர்ந்து நடத்துவார். அவருக்கே ஆங்கிலம் சரளமாக வராமலிருக்கலாம். குழந்தைகளோடு சேர்ந்து அவரும் கற்பார். இன்ன நாளில், இன்ன பாடத்துக்கு, இன்னார் துணையுடன் என்று தீர்மானித்த பிறகு கருவிக்கு வேலை கிடைத்தது.

நம் மாநிலத்தில் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. 2011-ல் மாணவர்க்கு மடிக்கணினி வழங்கல் தொடங்கிற்று. 2018 முதல் பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் வந்தன; 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. திறன்மிகு வகுப்பறைகளும் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் பின்தொடர்ந்தன. எனினும் அதிகாரிகள் வரும் நாளன்றி உறை கழற்றப்படாத திரைகளையும் நாம் கண்டிருக்கிறோம். ஆசிரியரைக் குறை கூறுவது எளிது. பழுதானால் தம் தலையில் விழுமோ என்று அஞ்சுபவர் கருவியைப் பூட்டி வைப்பதில் வியப்பென்ன?

இந்த அச்சத்தை நீக்கும் அதிகாரம் ஊராரிடம் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அக்குழுவின் கடமை. அரசின் மானியங்களுக்கு அத்திட்டமே ஆதாரம் என்றும் சட்டம் கூறுகிறது. வகுப்புச் சுவருக்குச் சுண்ணாம்பு, சுற்றுச்சுவர், கழிப்பறை என்று எழுதுவதோடு நின்றுவிடாமல், எர்த் இணைப்பு சரியாக உள்ளதா, மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் கருவி இருக்கிறதா, உத்தரவாதக் காலம் முடிந்த பின் பழுதுக்குப் பணம் எங்கிருந்து வரும், எந்த வகுப்புக்கு எந்த நேரத்தில் எந்தப் பாடத்துக்கு அது பயன்படும் என்பவற்றையும் அதில் எழுத வேண்டும்.

ஒரு சிற்றூர்ப் பள்ளி தனக்கென ஒரு பழுது பார்ப்பவரை வைத்துக்கொள்ள இயலாது. ஓர் ஒன்றியத்தின் பள்ளிகள் யாவும் சேர்ந்தால் இயலும். மாற்று மின்கலங்களையும் உதிரிப் பாகங்களையும் ஒரே இடத்தில் இருப்பு வைத்து, மாதம் ஒருமுறை ஒருவர் பள்ளி பள்ளியாகச் சென்று வரலாம். இதை ஒன்றிய அளவில் பேசி முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு முன்னோடியாக, ஆகஸ்டு 15-ஆம் நாள் கிராம சபையில் பள்ளித் தலைமை ஆசிரியரை இருப்புப் பதிவேட்டுடன் அழையுங்கள். எத்தனை கருவிகள் வந்தன, எத்தனை ஓடுகின்றன, நின்று போனவை எந்த மாதம் முதல் நிற்கின்றன என்று சபையில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.