பெயருக்குப் பின்னால் ஒரு பேரேடு

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியம்மா போனை நீட்டினார். “மக்களே, ராத்திரி கரண்ட கட் பண்ணிருவோம்னு வந்திருக்கு. உள்ளதா?” அனுப்பியவர் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் பத்து இலக்க செல்போன் எண்.

“இல்லம்மா, அந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க” என்றேன்.

அதே போனில் அவருடைய ரயில் டிக்கெட் செய்தியும் இருந்தது. அதில் நம்பர் இல்லை, பெயர் இருந்தது. பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து: ஒன்று செல்போன் கம்பெனியைக் குறிக்கும், மற்றது வட்டாரத்தை. கடைசியில் ஒரு எழுத்து. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. இந்தக் கடைசி எழுத்து 2025-இல் வந்தது.

இந்தப் பெயர்களைக் காப்பது பிளாக்செயின். 2018-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட விதி அது. ஏர்டெல், ஜியோ, வோடபோன் ஐடியா, பிஎஸ்என்எல் எல்லோரும் தொழில் போட்டியாளர்கள். ஒருவர் எழுதிய கணக்கை மற்றவர் ஏன் நம்ப வேண்டும்? அதனால் ஒரே பேரேடு, எல்லோர் கையிலும் ஒரு நகல். ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவின் முத்திரையைச் சுமக்கிறது. யாராவது பழைய வரியைத் திருத்தினால் மற்றவர்களின் ஏடு காட்டிக்கொடுத்துவிடும். வங்கியோ கடையோ தன் பெயரையும், அனுப்பப்போகும் வாசகத்தையும் முன்கூட்டியே அதில் பதிய வேண்டும். தொகை, ஓடிபி போன்றவற்றுக்கு மட்டும் வெற்றிடம். வாசகம் பொருந்தாவிட்டால் செய்தி போகாது.

2021 மார்ச் 8 அன்று இதைக் கறாராக அமல்படுத்தினார்கள். பல நிறுவனங்கள் வாசகத்தைச் சரியாகப் பதிந்திருக்கவில்லை. நாடெங்கும் ஓடிபி வராமல் மக்கள் தவித்துப்போனார்கள். மறுநாளே டிராய் அதை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்தது. பழி பேரேட்டின்மேல் விழுந்தது. என்னைக் கேட்டால், பதிய வேண்டியவர்களின் அலட்சியம்தான் காரணம். பேரேடு எழுதியதை மாறாமல் காக்கும், எழுதுகிறவரின் நேர்மைக்கு அது ஜாமீன் நிற்காது. பதிவான பெயர்களையே சிலர் தவறாகப் பயன்படுத்தியதால், 2023 பிப்ரவரியில் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க உத்தரவு போட வேண்டியிருந்தது.

பெரியம்மா அந்தச் செய்தியை அழிக்கப் போனார். “கொஞ்சம் பொறுங்கம்மா, முதல்ல 1909-க்குப் புகார் அனுப்புவோம்” என்றேன். அந்தப் புகாரும் அதே முறைப்படிதான் ஏட்டில் ஏறும். நம்பரையும் தேதியையும் அவரே வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன்.