தப்புச் சத்தமும் தரை டிக்கட்டும்

(பயிலரங்கு ஒன்றில் மாணவர்கள், களப்பணியாளர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய சினிமா பத்திப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்க. டெண்டுக் கொட்டகை, மணலைக் குவிச்சு உக்காந்தது, ரீல் மாத்துற நேரத்துல முறுக்கு வாங்கித் தின்னது, இதெல்லாம் நினைச்சா எனக்கும் ஏக்கமாத்தான் இருக்கு. மறைக்க விரும்பவில்லை. ஆனால் எல்லாருடைய ஏக்கமும் ஒன்றல்ல.

எங்க ஊர்க் கொட்டகையில படம் மாறுனா மாட்டு வண்டி கிளம்பும். ரெண்டு பக்கமும் தட்டி கட்டி போஸ்டர் ஒட்டியிருக்கும். முன்னாடி எங்கப்பா தப்படிச்சுக்கிட்டு நடப்பாரு. ஊர்த்தெரு முழுக்கச் சுத்துற வண்டி எங்க தெருவுக்கு மட்டும் வராது. அப்பாதான் வீட்டுக்கு வந்து, என்ன படம், யாரு நடிச்சதுன்னு வாயால சொல்லுவாரு. அவருக்குக் கூலி ஒரு தரை டிக்கட்டு. சாவுக்கு அடிச்ச அதே தப்புதான். ஆனா வண்டிக்கு முன்னாடி போற அன்னைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்குவாரு.

1905இல் ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டு போனார். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் கூடிய முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது அந்தஸ்து அல்ல, காசுதான் என்ற கருத்தை 1981இல் கா. சிவத்தம்பி முன்வைத்தார். உண்மைதான். கோயிலில் கிடைக்காத இடம் கொட்டகையில் கிடைத்தது. ஆனால் காசே சாதிப்படி பிரிந்து கிடந்த ஊரில் தரை யாருக்கு, நாற்காலி யாருக்கு? எங்க ஊர்ல தரையிலயும் ஒரு ஓரம் இருந்துச்சு. யாரும் கோடு போடல. ஆனா எங்க உக்காரணும்னு எங்களுக்குத் தெரியும்.

சரி, திரையில் நாம் எப்படி இருந்தோம்? 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடிக்க கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். நந்தனாக நடிப்பதற்கு லட்சம். நந்தன் தெருவுக்குப் பட வண்டிகூட வராது.

அடுத்து, 1956இல் வந்த 'மதுரை வீரன்'. அருந்ததியரான எங்களுக்கு வீரன் வீட்டுச் சாமி, எங்க ரத்தம். படத்தில் எம்.ஜி.ஆர். நடித்த வீரன் ராஜா மகன். காட்டில் விடப்பட்ட பிள்ளையை எடுத்து வளர்த்தவர்கள்தான் செருப்புத் தைக்கும் தம்பதியர். இதைச் சினிமா புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பழைய கதைப்பாடலிலும் அவன் காசி ராஜா மகன்தான். சினிமா அதை வெளிச்சம் போட்டு ஊரெல்லாம் காட்டியது.

அப்பா அந்தப் படத்தை எத்தனை தடவை பாத்தாருன்னு கணக்கே இல்ல. கல்லூரியில நாலு புத்தகம் படிச்சிட்டு வந்த திமிருல ஒருநாள் சொன்னேன்: "அப்பா, அது ஏமாத்து வேலை. நம்ம சாமியவே ராசா மகனாக்கிட்டாங்க. நீங்க அதுக்குப் போயி அழுவுறீங்க."

அப்பா பீடியக் கீழ போட்டுட்டுச் சொன்னாரு: "ராசா மகனை எவன்டா மாறுகால் மாறுகை வாங்குவான்? வெட்டுன வெட்டுலயே தெரியலயா, அவன் நம்மாளுன்னு?"

எனக்குப் பேச்சு வரல. படம் எடுத்தவர்கள் ஒரு கதை சொன்னார்கள். தரை டிக்கட்டில் இருந்த என் அப்பா வேறொரு கதை பார்த்திருக்கிறார். விமர்சனம் எனக்குப் புத்தகத்தில் கிடைத்தது. அவருக்கு மணலிலேயே கிடைத்திருந்தது.

இன்றைக்கு 'பரியேறும் பெருமாள்' (2018) போன்ற படங்களில் நம் கதையை நாமே சொல்கிறோம். அதனால பழசைத் தூக்கி எறிஞ்சிடலாம்னு நினைக்காதீங்க. யார் நடிச்சா, யார் பாடுனான்னு எழுதி வைக்க ஆயிரம் பேர் இருக்காங்க. நம்ம சனம் எதைப் பாத்துச்சு, எங்க அழுதுச்சு, எதை நம்பலைன்னு எழுத நாமதான் இருக்கோம்.

எங்கப்பா இப்ப இல்ல. உங்க வீட்டுல பெரியவங்க இருப்பாங்க. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனா, பக்கத்துல உக்காந்து கேளுங்க. எழுதிக்கிட்டு வாங்க.