எந்தப் பரீட்சை எழுதுவது?

மில் வாசலிலே நின்றால் கூலி, போனஸ் பற்றித்தான் பேசுவது நம் வழக்கம். இன்று ஒரு பரீட்சையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நாங்களே பள்ளியிறுதி வகுப்போடு நின்றவர்கள். பரீட்சை என்றால் இன்றும் கொஞ்சம் உதறல்தான். ஆனால், பிள்ளை எந்தப் பாஷையில் பரீட்சை எழுதுகிறான் என்பதிலே தகப்பனின் கூலிப் பணமும் அடங்கிக் கிடக்கிறது.

மலேசியாவிலே ஒரு சீனத் தொழிலாளியின் வீட்டை எடுத்துக் கொள்ளுங்கள். பையன் ஆறு வருஷம் சீன ஆரம்பப் பள்ளியிலே மாண்டரின் மொழியில் படிக்கிறான். பிறகுதான் சங்கடம். அரசாங்க உயர்நிலைப் பள்ளிக்குப் போனால், அங்கே முக்கியமான போதனை மொழி மலாய். முடிவிலே எஸ்.பி.எம். பரீட்சை. மலாயில் தேறாவிட்டால் சர்ட்டிபிகேட்டே இல்லை. 2013 முதல் சரித்திரத்திலும் தேற வேண்டும். சீனமோ விருப்பப் பாடம், எழுதலாம், விடலாம்.

“சீனப் பையனுக்குச் சீனப் பரீட்சை எழுதக் கசக்குமா?” என்பீர்கள். கசக்கிறது, தோழர்களே! அவன் வீட்டிலே பாட்டி பேசுவது ஹொக்கியனாக இருக்கும். கான்டனீஸ், ஹக்காவாகவும் இருக்கும். மாண்டரின் அவனுக்குப் பள்ளியில் வந்த மொழி. வினாத்தாளிலே பழங்காலச் சீன நடையும் வருகிறது. அதில் ‘ஏ’ வாங்குவது குதிரைக் கொம்பு என்று பெற்றோர் வெகுகாலமாகக் குறைப்படுகிறார்கள். உபகாரச் சம்பளத்துக்கு ‘ஏ’க்களை எண்ணும்போது ஒரு ‘பி’ வந்தாலும் நஷ்டம். ஆகவே சொந்த பாஷையையே விட்டுவிடுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுவது அநியாயம்.

மற்றொரு வழி, சுயேச்சைச் சீனப் பள்ளி. இது எப்படி வந்தது? 1961-ம் வருஷக் கல்விச் சட்டம் சீன உயர்நிலைப் பள்ளிகளுக்கு இரண்டே பாதை காட்டியது: போதனை மொழியை மாற்றி மான்யம் வாங்கு, இல்லையேல் மான்யமின்றி நில். பெரும்பாலானவை மாறின. எதிர்த்து நின்ற ஆசிரியர் சங்கத் தலைவர் லிம் லியான் கியோக்கின் உபாத்தியாயர் உரிமம் அந்த வருஷமே ரத்தாயிற்று. பிரஜா உரிமையும் பறிபோயிற்று. மாறாத பள்ளிகள் ஜனங்களின் நன்கொடையால் நின்றன. 1975 முதல் அவற்றுக்கென்று யு.இ.சி. என்ற பொதுப் பரீட்சை நடக்கிறது.

அதை எழுதியவனைத் தைவானிலும் சிங்கப்பூரிலும் பல்கலைக் கழகங்கள் சேர்த்துக் கொண்டன. சொந்த நாட்டு அரசாங்கப் பல்கலைக் கழகங்களோ பல பத்தாண்டுகள் அந்தச் சர்ட்டிபிகேட்டை மட்டும் வைத்துக் கொண்டு கதவு திறக்கவில்லை. அதனால் இரண்டு பரீட்சையையும் எழுதுகிற பிள்ளைகள் ஏராளம். ஒரு தலைக்கு இரண்டு மூட்டை! பள்ளிச் சம்பளம் வேறு. பணக்காரன் கட்டுவான், கடைச் சிப்பந்தி எங்கே போவான்?

எங்கள் யோசனையைக் கேட்டால், கூலி வீட்டுப் பையன் எஸ்.பி.எம்.-ஐத் தவறவிடக் கூடாது. மலாயை வைராக்கியமாகப் படிக்க வேண்டும். சர்க்கார் உத்தியோகத்துக்கு அது இல்லாமல் முடியாது. அதோடு சீனத் தாளையும் எழுதட்டும். ‘பி’ வந்தால் வரட்டும். அந்த ‘பி’க்காக உபகாரச் சம்பளத்தை வெட்டுகிற விதியைத்தான் மாற்றச் சொல்லிப் பெற்றோர் கேட்க வேண்டும்.

இது சீனர் கதை மட்டுமல்ல. அதே நாட்டிலே ரப்பர் தோட்டத்து நம் ஜனங்களின் பிள்ளைகளும் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம்தான் படிக்கிறார்கள். தமிழில் நடக்கும் உயர்நிலைப் பள்ளி அங்கே இல்லை. எஸ்.பி.எம்.-இலே தமிழும் விருப்பப் பாடம்தான்.