நான்கு ஜில்லாக்களின் கூட்டு விண்ணப்பம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தாருள் கிராமப் பஞ்சாயத்திலும் நகரசபையிலும் பதவி வகிப்போர் பலர் உளர். ஊருக்குப் பாலம் வேண்டும், ஏரிக்குக் கலிங்கு வேண்டும் என்று இவர்கள் மேலதிகாரிகளுக்கு எழுதுங்கால், அடுத்த ஊராரும் அதே ஆற்றிற்கு வேறோர் இடத்தில் பாலம் கேட்டு எழுதுகின்றனர். இரண்டு விண்ணப்பங்களும் ஒரே கட்டில் கிடந்து பழுப்பேறுதலை அறியாதார் இவ்வவையில் இலர். ஆதலின், அண்டையிலுள்ள உள்ளாட்சிகள் பல ஒன்றுகூடித் தமக்குப் பொதுவாய் வேண்டுவனவற்றை மேலரசினரிடம் ஒருமுகமாய்க் கேட்டல் எங்ஙனம் என்பதுபற்றி இன்று சில கூறக் கருதினோம். இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் கோடியாகிய புளோரிடா மாநிலத்தில் நிகழ்ந்ததொன்றை எடுத்துக்கொள்வோம். ஊர் தொலைவாயினும் செய்தி நமக்கு எளிதில் விளங்கக்கூடியதே.

அம்மாநிலத்தின் தென்கிழக்கே பாம் பீச், பிரோவார்டு, மயாமி-டேட், மன்றோ என்னும் நான்கு கவுண்டிகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் ஜில்லாவை ஒத்தது; ஆனால் அதனை நடத்துவோர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட கமிஷனர்கள். 2010 ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி மயாமி-டேட்டில் சுமார் 25 லட்சம் பேரும், பிரோவார்டில் பதினேழரை லட்சம் பேரும், பாம் பீச்சில் 13 லட்சம் பேரும் இருந்தனர். மன்றோவிலோ 73,000 பேரே. அவர்களும் பெரும்பாலும் கடலிற் சிதறிய சிறு தீவுகளில் வாழ்பவர். நான்கையும் கூட்டினால் மாநிலத்து மக்களுள் நூற்றுக்கு முப்பதின்மர் ஆவர்.

இப்பகுதியின் நிலம் தாழ்ந்தது. அடியிலுள்ளது துளைகள் மலிந்த சுண்ணாம்புக்கல். கடல் உயருங்கால் கரையிற் சுவர் எழுப்பித் தடுத்தல் அங்குப் பெரிதும் பயன்படாது. நீர் கல்லின் துளை வழியே அடியினின்றும் ஊறி மேலெழும். மயாமி பீச் நகரத்து வீதிகளில், மழைத்துளி ஒன்றும் விழாத நாளிலும், பெருவேலியேற்றத்தின்போது கடல்நீர் தேங்கியதுண்டு. குடிநீரும் அக்கல்லினுள்ளே தங்கிய நிலத்தடி நீரே. ஆதலின் உவர் உட்புகுந்து கரையோரக் கிணறுகள் சில பயனற்றுப் போயின. இனிக் கால்வாய்களின் நிலை: மழைநீரை அவை பெரும்பாலும் தம் சரிவினாலேயே கடலிற் சேர்ப்பன. கடல்மட்டம் ஏறினால் சரிவு குறையும். மதகைத் திறந்தும் நீர் வடியாது. ஒரு கவுண்டியிற் புறப்பட்ட கால்வாய் மற்றொரு கவுண்டியிலும் ஓடுமாகலின், இத்துன்பத்தைத் தனித்து நின்று தீர்க்க எவராலும் இயலாது.

2009 ஆம் ஆண்டில் இக்கவுண்டிகளின் பிரதிநிதிகள் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் என்னும் பேரவையினரிடம் உதவி வேண்டிச் சென்றனர். கடல் எத்துணை உயரும் என்பதற்கு அவரவர் காட்டிய கணக்கு வெவ்வேறாயிருந்தது. ஒரே கடல், ஒரே கரை. கணக்கு மட்டும் பல! ஒரு சொல்லுக்குப் பல பொருள் காட்டுதல் எம்போன்ற பண்டிதர்க்குச் சிலேடை என்னும் அணியாகும். பொருளுதவி வேண்டி நிற்பார்க்கோ அது பெருங்கேடு. கொடுக்க மனமில்லாதவனுக்கு இதனினும் நல்ல சாக்கு வேண்டுமோ?

அவ்வாண்டு அக்டோபரில் நான்கு கவுண்டியாரும் ஒரு மாநாடு கூட்டினர். 2010 ஜனவரிக்குள் நான்கு சபைகளும் ஓர் உடன்பாட்டை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றின. மாநில அரசினிடத்தும் மத்திய அரசினிடத்தும் கேட்க வேண்டியவற்றை ஆண்டுதோறும் ஒன்றுகூடி வரைதல் அவ்வுடன்பாட்டின் முக்கிய அம்சம். இதற்கு வரி விதிக்கும் உரிமையில்லை. கட்டளையிடும் அதிகாரமும் இல்லை. நடத்தும் குழுவில் 25 லட்சத்தாரின் உத்தியோகஸ்தர் எத்துணையரோ, 73,000 பேரின் உத்தியோகஸ்தரும் அத்துணையரே. பெரிய கவுண்டி இதற்கு இசைந்ததே இம்முயற்சியில் யாம் மிகவும் மெச்சுவது. தலையெண்ணிக்கைப்படி இடம் கேட்டிருப்பின், மன்றோ முதற்கூட்டத்திலேயே எழுந்து போயிருக்கும் என்பது எமது துணிபு.

நம் நாட்டிலும் 1992 ஆம் ஆண்டின் 74 ஆவது அரசியற் சட்டத் திருத்தம், ஒரு ஜில்லாவின் பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் நீர்ப்பங்கீடு முதலிய பொதுக் காரியங்களை ஒருங்கே ஆராய மாவட்டத் திட்டக்குழு அமைக்குமாறு விதித்தது. அது மேலிருந்து வந்த விதி. ஜில்லாவின் எல்லையோடு நிற்பது. புளோரிடாவில் நடந்ததோ, எவரும் விதியாமலே அயல் ஜில்லாக்கள் தாமே செய்துகொண்ட ஏற்பாடு.

முதற்கண் அவர்கள் செய்த வேலை கணக்கை ஒன்றாக்கியது. சர்வகலாசாலை விஞ்ஞானிகளையும் அரசாங்க நிபுணர்களையும் ஓரிடத்தில் அமர்த்தி, 2010 இன் மட்டத்தினும் 2030 க்குள் 3 முதல் 7 அங்குலமும், 2060 க்குள் 9 முதல் 24 அங்குலமும் கடல் உயரலாம் என 2011 இல் வகுத்தனர். இன்னதுதான் என்று ஓர் எண்ணைச் சாதியாமல் கீழெல்லையும் மேலெல்லையும் குறித்தது விவேகமே. நெடுங்காலம் நிற்கவேண்டிய பெருவேலைகளுக்கு மேலெல்லையை ஒட்டிய கணக்கைக் கொள்க என்னும் முறையும் பின்னர் வகுத்தனர். 2015 இலும் 2019 இலும் இக்கணக்கைத் திருத்தினர். 2019 இன் திருத்தப்படி, 2000 ஆம் ஆண்டின் மட்டத்தினும் 2040 க்குள் 10 முதல் 17 அங்குலமும், 2070 க்குள் 21 முதல் 54 அங்குலமும் உயர்வு உண்டாகலாம்.

பலன் யாதோவெனின், கடல்நீர் புகும் அபாயமுள்ள பகுதிகளை உள்ளாட்சிகள் தனியே வரையறுத்து, அங்கே முதலிற் பொருள் செலவிட இடந்தரும் விதி 2011 இல் மாநிலச் சட்டத்திற் சேர்ந்தது. இது அவர்கள் கேட்டது. 2012 இல் 110 யோசனைகள் கொண்ட செயற்றிட்டம் ஒன்றும் வெளியிட்டனர். 2021 இல் மாநிலத்தார் இத்தகைய வேலைகளுக்கு மானியம் வழங்கும் திட்டம் ஒன்றைச் சட்டமாக்கினர். அதனை இந்நால்வரின் முயற்சி ஒன்றே கொணர்ந்தது என்றல் மிகையாம். ஆனால் மானியம் வந்தபோது கணக்கும் திட்டமும் இவர்கள் கையில் ஆயத்தமாயிருந்தன.

குறையும் உண்டு. நான்கு கவுண்டிகளுள் நூற்றுக்கு மேற்பட்ட நகராட்சிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று செயற்றிட்டத்தைப் படியாமல் மூடி வைத்தாலும், ஏன் என்று கேட்கும் உரிமை உடன்பாட்டிற்கு இல்லை. அவ்வுரிமையை வேண்டியிருந்தால் நான்கு சபைகளும் அத்துணை விரைவில் இசைந்திரா என்பதும் உண்மை.

2024 இல் மாநிலச் சட்டசபை எரிசக்தி பற்றிய சட்டங்களினின்றும் 'பருவநிலை மாற்றம்' என்னும் சொல்லைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. மதகும் நீரிறைக்கும் யந்திரமும் கேட்பதற்கு அச்சொல் இன்றியமையாததன்று என்பது எம் கருத்து. உடன்பாட்டின் மாநாட்டை நான்கு கவுண்டிகளும் முறைவைத்துத் தத்தம் இடத்தில் நடத்துதல் வழக்கம். மன்றோவின் முறை வருங்கால், மற்ற மூன்று பெரிய கவுண்டியாரும் பாலங்கள் பல கடந்து அத்தீவுகளுக்கே செல்வர்.