மலையேறுவோரும் மலையடிவார ஊர்களும்

(ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் ஆகியோர் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மலை என்றதும் மலையடிவாரத்தில் வாழும் நமக்கு நினைவுக்கு வருவன விறகும், தேனும், மேய்ச்சலும், ஓடைத் தண்ணீருமே. நகரத்தாருக்கோ அது ஏறிப் பார்க்க வேண்டிய உயரமாகத் தோன்றுகிறது. அவர்கள் வருவது தவறன்று. ஆனால், அவர்களது வருகை ஊருக்கு வருவாயாக முடிவதும் வேதனையாக முடிவதும் நமது முன்னேற்பாட்டைப் பெரிதும் பொறுத்தது. இதுவே இன்று நாம் சிந்திக்க வேண்டிய பொருள்.

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூரை அடுத்த கொழுக்குமலையை எடுத்துக்கொள்வோம். அங்கே 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. நிலம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. வண்டி செல்லும் வழியோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து செல்கிறது. அதையும் சாலை என்று சொல்வதற்கில்லை. உருண்டு கிடக்கும் கற்களும், மழைநீர் அரித்த பள்ளங்களும் நிறைந்த தடம் அது. ஜீப்புகளே அதில் ஏறும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். நம் பக்கத்துக் குரங்கணியிலிருந்து புறப்படுவோர் நடந்தேதான் ஏறியாக வேண்டும்.

இம்மலைச்சரிவு முன்னாளில் சந்தடி மிகுந்ததாக இருந்தது. மூணாற்றுத் தேயிலை சிறு இரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கியவாறு கோட்டக்குடிக்கு இறங்கி, பின்னர் போடிக்குச் சென்றது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்தது. ஆயினும், மலைத்தடங்களைப் பற்றிய அறிவு ஊராரிடம் அழியாமல் நின்றது. எந்த ஓடையில் கோடையிலும் நீர் இருக்கும், எந்தச் சரிவில் புல் ஆளுயரம் வளரும் என்பனவற்றைப் படத்தைப் பார்த்து வருகிறவர் அறியமாட்டார். அங்கே ஆடு மேய்த்தவர் அறிவார்.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் நேர்ந்தது நம் எல்லோருக்கும் தெரியும். கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்கள். செய்தி கிடைத்தவுடன் மலையேறி ஓடியவர்களில் அடிவாரத்து ஊர் மக்கள் முன்னின்றனர். காயமுற்றோரைப் போர்வையிலும் கம்பிலும் கட்டிய டோலிகளில் சுமந்து இறக்கினர். விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆனால், இருளிலும் புகையிலும் மலைச்சரிவில் கால் வைத்து நடக்க ஊராரின் துணை இன்றியமையாததாயிற்று.

மலைத்தீயின் இயல்பை நாம் அறிந்திருத்தல் வேண்டும். சரிவில் தீ மேல்நோக்கியே விரைந்து பரவும். கீழே எரியும் தழலின் சூடு மேலுள்ள புல்லை உலர்த்தி, விரைவில் பற்றச் செய்கிறது. இருபுறமும் உயர்ந்த ஓடைப்பள்ளம் புகைபோக்கி போல அனலை மேலிழுக்கும். ஆகவே, தீயைக் கண்டவுடன் உச்சியை நோக்கி ஓடுவதும் புல் நிறைந்த பள்ளத்தில் பதுங்குவதும் ஆபத்தானவை. தீயின் போக்குக்குக் குறுக்கே விலகி, வெறும் பாறையையோ முன்பே எரிந்து அடங்கிய நிலத்தையோ அடைதல் நலம். இதனை அறிந்த உள்ளூர் இளைஞர் ஒருவர் குழுவோடு செல்வது எத்தனை உயிர்களுக்குக் காப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்!

அவ்விபத்துக்குப் பின், 2018-ஆம் ஆண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு வகுத்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 40 மலைப்பாதைகளில் முறையான மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. மலைவாழ் மக்களும் அடிவார இளைஞர்களும் பயிற்சி பெற்று அதில் வழிகாட்டிகளாகப் பணிபுரிகின்றனர். தீப்பருவத்தை முன்னிட்டு, 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மலையேற்றம் நிறுத்திவைக்கப்பட்டது.

"காடு வனத்துறைக்கு உரியது, ஊராட்சிக்கு அங்கே என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். அனுமதி வழங்குவது வனத்துறையின் பொறுப்பே. ஆயினும், மலையேறப் புறப்படுவோர் முதலில் மிதிப்பது நமது ஊர்த் தெருவை அல்லவா? நாம் செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது: அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இன்றி ஏற முற்படுவோரைக் கண்டால் நயமாக எடுத்துரைத்துத் தடுத்து, வனத்துறைக்குத் தெரிவிப்போம். ஒரு நாள் ஜீப் வாடகையையோ கூலியையோ எண்ணிக் குறுக்கு வழி காட்டுதல் கூடாது.

இரண்டாவது: கோடைக்கு முன்பே வனத்துறையோடு சேர்ந்து, காய்ந்த புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கத் தோள் கொடுப்போம். காட்டோரத்து உழவர்கள் வரப்பிலும் சருகிலும் தீ வைப்பதை அறவே விடுதல் வேண்டும்.

மூன்றாவது: ஊர்ப் பொதுக் கட்டடத்தில் டோலி, கயிறு, கைவிளக்கு, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருப்போம். அவற்றைக் கையாளத் தெரிந்த பத்து இளைஞர்களேனும் ஊருக்கு ஊர் இருக்க வேண்டும்.

நான்காவது: ஊராட்சியின் பொறுப்பில் உள்ள கரட்டுத் தடங்களில் மழைக்கு முன்பே நீர் வடியும் வாய்க்கால்களைச் செப்பனிடுவோம். நோயாளியையும் கர்ப்பிணியையும் ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் அதே தடம்தான் வழி.

இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒற்றுமையும் முன்யோசனையும் போதும். துன்பம் வந்தபின் டோலி தூக்கிய தோள்கள் நம் மக்களுடையவை. துன்பம் வருமுன் காக்கும் கைகளும் அவர்களுடையவையாகவே இருக்கட்டும்.