பாவுக்குக் கஞ்சி, மருந்துக்குக் கவசம்



திண்டுக்கல் சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்கள், சின்னாளபட்டி நெசவாளர் தெருக்களில் விடியற்காலையிலேயே பாவை நீள விரித்து, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுமுன் ஆற்றியெடுக்கும் காட்சியைக் கண்டிருப்பார்கள். தறியின் அடியைத் தாங்கி முடிக்கும் வரையில் நூலைவிட்டு அகலாமல் இருந்து, சேலை நெய்து முடிந்து நீரில் அலசியதும் சுவடின்றி விலகிவிடுகிற அந்தக் கஞ்சியின் குணத்தைத்தான், குடற்புற்றுக்குச் சிகிச்சை தேடும் விஞ்ஞானிகள் தங்கள் ஆராய்ச்சிச்சாலைகளில் நாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்லஸ் ஹைடெல்பெர்கர் உருவாக்கிய ஃப்ளூரோயுராசில் என்னும் மருந்து, இரைப்பை, பெருங்குடல் புற்றுகளுக்கு இன்றளவும் பிரதானமான ஔஷதமாக விளங்குகிறது. ஆயினும் இரத்தத்தில் கலந்த கால் மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பாதி அழிந்துபோகிற அதன் இயல்பினால், நோயாளியின் நரம்பில் ஊசியைச் செருகி 46 மணி நேரம் துளித்துளியாக அதைச் செலுத்த வேண்டியிருக்கிறது; அதுவோ புற்று அணுக்களோடு நில்லாமல், வாயைப் புண்ணாக்கி, வயிற்றுப்போக்கையும் உண்டாக்கி, இரத்த அணுக்களையும் குறைத்துவிடுகிறது. அந்த இரண்டு நாள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

மருந்தை வழியில் காக்கும் கவசத்துக்கு, இனி நம் புளியங்கொட்டையைப் பாருங்கள். நத்தம் பக்கத்துப் பெண்கள் புளியைத் தட்டி நீக்கும் அந்தக் கொட்டையின் மாவு, நெசவாலைகளில் நூலுக்குப் பசையாகப் பயன்பட்டு வந்த பொருள். அதிலுள்ள சைலோகுளுக்கன் என்னும் பலபடிச் சர்க்கரையைச் சிதைக்கும் நொதி நம் தேகத்தில் கிடையாது. இரைப்பையையும் சிறுகுடலையும் அது அழியாமலே கடந்துவிடும். ஆனால் பெருங்குடலில் வாசம் செய்யும் பாக்டீராய்டஸ் ஓவேட்டஸ் போன்ற சில நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாக வெட்டித் தின்னும் விதத்தை 2014-இல் ஆராய்ச்சியாளர்கள் விளக்கிக் காட்டினார்கள். பழத்தோலின் பெக்டினும் இத்தகையதே. ஆகவே இவற்றுக்குள் மருந்தைப் பொதிந்து விழுங்கச் செய்தால், வழியெல்லாம் காத்து, சேர வேண்டிய இடத்தில் மட்டும் கவசம் தானே கழன்றுவிடும் என்பது எத்துணை அழகான யோசனை!

இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானுக்கோ வேறொரு சுபாவம். அது நேர்மின்னூட்டம் உடையதாகையால், எதிர்மின்னூட்டமுள்ள குடற்சளியில் ஒட்டிக்கொள்ளும். கொச்சியிலுள்ள அமிர்தா ஆராய்ச்சி நிலையத்தார், கந்தகம் சேர்த்துத் திருத்திய கைட்டோசானில், தலைமயிரின் தடிப்பில் ஐந்நூற்றில் ஒரு பங்கே உள்ள, அதாவது சுமார் 150 நானோமீட்டர் அளவான துகள்களைச் செய்து, சிலவற்றில் ஃப்ளூரோயுராசிலையும் சிலவற்றில் மஞ்சளின் குர்க்குமினையும் அடக்கி, 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுண்டெலிகளின் இரத்தத்தில் அம்மருந்துகள் 72 மணி நேரம் வரை நிலைத்திருந்தன. இதைக் கேட்டு, மஞ்சளை அரைத்துக் குடித்தாலே போதுமென்று எவரும் வைத்தியத்தைத் தள்ளிப்போடக் கூடாது. உண்ட மஞ்சளிலிருந்து குர்க்குமின் இரத்தத்தில் சேருவது மிகச் சொற்பம் என்பதனாலேயே அதைத் துகளுக்குள் அடைக்க வேண்டியதாயிற்று.

இயற்கைப் பலபடிகளில் மனிதரின் சிகிச்சைக்கே வந்து சேர்ந்த ஒன்று, நம் இரத்தத்திலேயே உள்ள ஆல்புமின் என்னும் புரதம். பாக்லிடாக்சல் மருந்தைச் சுமக்கும் 130 நானோமீட்டர் ஆல்புமின் துகள்களை ஜெம்சிடாபின் என்னும் மற்றொரு மருந்தோடு சேர்த்து, முற்றிய கணையப் புற்றுடைய 861 பேரிடம் பரீட்சித்தபோது, ஜெம்சிடாபின் மட்டும் பெற்றோருக்கு 6.7 மாதமாக இருந்த நடுமட்ட ஆயுள், சேர்த்துப் பெற்றோருக்கு 8.5 மாதமாயிற்று, 2013-இல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. ஏறக்குறைய இரண்டு மாதம். மகளின் கல்யாணத்தைக் கண்டுவிட வேண்டுமென்று காத்திருக்கிற தகப்பனுக்கு அது போதுமானதாயிருக்கலாம். நத்தத்துப் புளியங்கொட்டைக்கு அத்தகைய பரீட்சை இனிமேல்தான் வர வேண்டும்.